வேலையில் அடிபட்டவருக்குச் சட்ட உதவி: எந்த வழி எதற்குப் பயன்படும்?

பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர், பாய்லர் ஆவியில் வெந்தவர் எனத் தமிழ்நாட்டில் வேலையில் அடிபடும் யாருக்கும் இழப்பீட்டு வழக்கு நடத்த நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் இலவச வக்கீல் ஒன்று. ஆலையில் இருக்கும் தொழிற்சங்கம் இன்னொன்று. காசு கொடுத்து அமர்த்தும் தனி வக்கீல் மூன்றாவது. மருத்துவமனைக் கட்டிலருகிலேயே வந்து, “கேஸை நான் பார்த்துக்கிறேன், கிடைக்கிறதில் இவ்வளவு சதவீதம் கொடுத்தால் போதும்” என்று சொல்லும் இடைத்தரகர் நான்காவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் இலவச சட்ட உதவியில் தொடங்குவதே சரி. “இவர் என் ஆளே இல்லை” என்று முதலாளி கைவிரிக்கும் வழக்குக்கு, இந்தத் துறையில் பழகிய தனி வக்கீலுக்குச் செலவழிப்பது வீண்போகாது. சங்கம் செயல்படும் ஆலையில் சங்கத்தை ஒதுக்கிவிட்டு வழக்கு நடத்துவது சாட்சிகளை இழப்பதற்குச் சமம். நான்காவது நபரிடம் ஒரு ஜெராக்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

இந்த வழக்கில் வாய்ச்சாமர்த்தியத்துக்கு அதிக வேலை இல்லை. யார் மீது தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளி சற்றுக் கவனக்குறைவாக இருந்தார் என்பது முதலாளியைக் காப்பாற்றாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், தடுப்பைக் கழற்றி வைத்தார் என்ற விலக்குகளும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. கையில் வரப்போகும் தொகையைத் தீர்மானிப்பவை நான்கு எண்கள்: மாதச் சம்பளம், வயதுக்குரிய காரணி (வயதைப் பொறுத்துச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண்), சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு சதவீதம், வட்டி ஓடத் தொடங்கும் தேதி. எந்த உதவியாளரையும் இந்த நான்கில் அவர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்பதை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

கணக்கு இப்படி. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக் காரணியால் பெருக்க வேண்டும். மரணத்துக்கு 50 சதவீதம். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் எடுக்கப்படும் உச்சவரம்பு, 2020 ஜனவரி 3 முதல் மாதம் 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000 ரூபாய். வயது 35 முடிந்தவருக்குக் காரணி 197.06. 15,000 சம்பளக்காரர் என்றால் 9,000 × 197.06 = 17,73,540 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஆள்காட்டி விரல் முழுவதும் போயிருந்தால் சட்டத்தின் முதல் அட்டவணை 14 சதவீதம் என்கிறது; அப்போது 2,48,295 ரூபாய் சொச்சம் வரும். அதே மனிதருக்கு 8,000 ரூபாய்தான் சம்பளம் என்று முதலாளி ஒரு தாளைக் காட்டி, மறுப்பு ஏதும் பதிவாகாமல் போனால் 1,32,424 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஒரே காயம், ஒரே விரல். சம்பளத்துக்கான ஆதாரம் இல்லாததால் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் பறிபோகிறது.

இதற்கு மேல் மருத்துவச் செலவுக்கான உண்மைத் தொகையை முதலாளி தனியாகத் தர வேண்டும் என்பது 2009 திருத்தத்தில் சேர்ந்த உரிமை. பழைய மாதிரி மனுவை அப்படியே தட்டச்சு செய்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போக முடியாத இடைக்காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் என்ற பணமும் தனி; அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை. மனுவின் வரைவைப் பார்க்கும்போது இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதைத் தயாரித்தவர் இந்தத் துறைக்குப் புதியவர்.

சட்டத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். நெடுங்காலம் இந்த வழக்குகள் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி நடந்தன. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது; அதன் ஏழாவது அத்தியாயம் இப்போது இந்த இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. 50 சதவீதம், 60 சதவீதம், வயதுக் காரணி என்ற கணக்குமுறை தொடர்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புள்ளதென்று நிரூபிக்கப்பட்டால், அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விபத்துத் தேதியைக் கேட்காமலே பிரிவு எண்களை ஒப்பிக்கும் வக்கீலிடம் அவசரப்பட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கீழே வேறு சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவுகள் 1923 சட்டத்துக்குரியவை.

எந்த வழியில் போனாலும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. அந்தக் காப்பீடு பெற்ற தொழிலாளி என்றால், இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட முடியாது; பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் இது 53-ஆவது பிரிவு. அவருக்கு இ.எஸ்.ஐ. மூலமே ஊன உதவித்தொகை, மருத்துவக் குழு, குழுவின் சதவீதம் குறைவாகத் தெரிந்தால் மேல்முறையீடு என்று வேறு பாதை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, இரண்டு ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு “அதிகார வரம்பு இல்லை” என்ற ஒரே வரியில் வழக்கு தள்ளுபடியாவது இந்தத் துறையின் மிகக் கொடுமையான வீணடிப்பு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, காப்பீட்டு எண் இருக்கிறதா என்பதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டதாகவும் இருந்தால், முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது. அப்போது இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கோர வேண்டும். லாரி ஓட்டுநர், கிளீனர் போன்றோருக்கு இன்னொரு முடிச்சு உண்டு. சாலை விபத்தென்றால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் அல்லது இழப்பீட்டு ஆணையர், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் தீர்ப்பாயத்தில் தொகை கூடலாம். தவறு ஓட்டுநருடையதே என்றால் ஆணையர்தான் பாதுகாப்பு. இதை விளக்காமல் “எங்கே வேணும்னாலும் போடலாம்” என்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

இலவச சட்ட உதவி

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவில் யாருக்கெல்லாம் இலவச உதவி என்று பட்டியலிடுகிறது. தொழிற்சாலைத் தொழிலாளி அதில் தனி வகை. பெண்கள் தனி வகை. மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரும் அப்படியே. இந்த வகைகளுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டு அலைக்கழித்தால் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். விபத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு. அவர் எந்த வேலையும் பார்க்காதவராக இருந்தாலும் பெண் என்ற ஒரே காரணம் போதும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு அலுவலகமும், தாலுகா நீதிமன்றத்தில் வட்டக் குழுவும் இருக்கும். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

வக்கீல் கட்டணம், தட்டச்சு, நகல் செலவு எதுவும் தொழிலாளியிடமிருந்து வாங்கக் கூடாது. நியமிக்கப்பட்ட வக்கீல் “போக்குவரத்துக்கு மட்டும்” என்று பணம் கேட்டாலும், அந்த மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் ஒரு நீதித்துறை அதிகாரி. உதவி மறுக்கப்பட்டால் ஆணைக்குழுவின் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

குறை எங்கே என்றால், ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல்களில் பலர் ஜீவனாம்சமும் குற்ற வழக்கும் பார்த்துப் பழகியவர்கள். ஆணையர் முன் நடக்கும் வழக்கில் மருத்துவரை எப்படிச் சாட்சியாக அழைப்பது, காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசியை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதில் அனுபவம் குறைந்தவர் வந்துசேரலாம். இதற்கு வழி இருக்கிறது. விண்ணப்பத்திலேயே “தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் நடத்திய அனுபவமுள்ள வக்கீல் வேண்டும்” என்று எழுதுங்கள். மூன்று வாய்தாவுக்கு அவர் வராமல் போனால் வக்கீலை மாற்றித் தரும்படி கேட்க உரிமை உண்டு. இப்படிக் கேட்பவருக்கு இந்தச் சேவை மிக நல்லது. கேட்காமல் ஒதுங்கி உட்காருபவரின் கோப்பு அலமாரியிலேயே கிடக்கும்.

ஆணைக்குழுவின் லோக் அதாலத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொண்டு, சதவீதத்தில் மட்டும் பேரம் நடக்கிற வழக்கில் இது வேகமாக முடியும். ஆனால் அங்கே கையெழுத்தாகும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. அட்டவணைப்படி உங்கள் தொகை எவ்வளவு என்று தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே உட்காருங்கள். வட்டியை விட்டுக்கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட வேண்டும், தெரியாமல் விடக் கூடாது.

தொழிற்சங்கம்

1923 சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி, தொழிலாளி சார்பில் ஆணையர் முன் ஆஜராகலாம். இதைப் பலர் அறிவதில்லை. சங்கத்தின் பலம் அதன் நிர்வாகிகள் சட்டம் படித்தவர்கள் என்பதில் இல்லை. உடன் வேலை செய்தவர்களைச் சாட்சிக்குக் கொண்டுவர அவர்களால்தான் முடியும். வேலைக்கு இன்னமும் அதே ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், தனி வக்கீல் அழைத்தால் வரத் தயங்குவார். சங்கம் பின்னால் நின்றால் துணிந்து வருவார். எந்த ஷிப்ட், எந்த மெஷின், சென்சார் எப்போது பழுதானது, காண்ட்ராக்டர் யார், அவருக்கு வேலை கொடுத்த கம்பெனி எது என்பதெல்லாம் சங்கத்துக்கு நாவின் நுனியில் இருக்கும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். 12-ஆவது பிரிவுப்படி காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவருக்கும் முதன்மை முதலாளி பொறுப்பு. காண்ட்ராக்டரை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால், உத்தரவு வந்தபின் அவர் அலுவலகத்தைக் காலி செய்திருப்பார்.

இந்த வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் போனஸ், இடைநீக்கம், சம்பள உயர்வு ஆகியவற்றோடு ஒருவரின் விரலும் பேரப் பொருளாகிவிடக் கூடும். இழப்பீட்டு மனுவைத் தனியாகத் தாக்கல் செய்து எண் வாங்கிய பிறகு சங்கம் எதை வேண்டுமானாலும் பேசட்டும். குறுக்கு விசாரணை கடுமையாக இருக்கும் வழக்கில் சங்கமும் வக்கீலும் சேர்ந்து நடத்துவதே சிறந்த ஏற்பாடு; நாங்கள் பார்த்தவரை இதற்கு நிகரான கூட்டு இல்லை.

தனி வக்கீல்

முதலாளி வேலை உறவையே மறுக்கும்போதும், பல முதலாளிகள், காண்ட்ராக்டர், காப்பீட்டு நிறுவனம் எனச் சங்கிலி நீளும்போதும், அட்டவணையில் இல்லாத காயமாக இருக்கும்போதும் தனி வக்கீலின் உழைப்புக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. ஆனால் கட்டணம் எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அந்த நடத்தை விதிகளில் இது 20-ஆவது விதி. அமெரிக்காவில் நடக்கும் ‘ஜெயித்தால் மட்டும் கட்டணம்’ முறையை இங்கே யாராவது பெருமையாகச் சொன்னால், அது அவர் தன் தொழில்விதியை மீறுவதன் அறிவிப்பு. மொத்தக் கட்டணம், அதை எத்தனை தவணையாகக் கட்டுவது, மருத்துவர் சாட்சிக்கு வரும் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். ரசீது கேளுங்கள். வெற்றுத்தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையெழுத்து வேண்டாம். அசல் எக்ஸ்ரே, அசல் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒப்படைக்கும்போது பட்டியல் போட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவர் இந்தத் துறை தெரிந்தவரா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். என் வயதுக்குக் காரணி எவ்வளவு? எனக்கு ஏற்பட்டது அட்டவணைக் காயமா, இல்லையா? மருத்துவரைச் சாட்சியாக எப்போது அழைப்பீர்கள்? முதல் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னாலும் குற்றமில்லை. மூன்றாவது கேள்விக்கு “சான்றிதழ் கொடுத்தாலே போதும்” என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

இடைத்தரகர்

இவரிடம் வேகம் இருக்கிறது. மருத்துவமனை ஊழியர் ஒருவர் மூலம் விபத்து நடந்த அன்றே தகவல் வந்துவிடுகிறது. அவர் கொண்டுவரும் வக்கீலை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். முதலாளி தரப்போடும் அவருக்கே பேச்சு இருக்கும். இரு பக்கமும் வாங்குவதுதான் அவர் தொழில். இழப்பீட்டை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ, கடனுக்காக ஜப்தி செய்யவோ முடியாது என்று 9-ஆவது பிரிவு சொல்வதால், அவர் வாங்கி வைத்திருக்கும் பங்கு ஒப்பந்தத்தைக் காட்டி உங்கள் இழப்பீட்டுப் பணத்தில் கை வைக்க முடியாது. ஆனால் உங்கள் வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அவர் பையில் இருந்தால் சட்டம் வந்து காப்பதற்குள் பணம் போயிருக்கும்.

யார் உதவினாலும் முதல் இரண்டு வாரத்துக் காகிதங்கள்தான் வழக்கின் முதுகெலும்பு. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், தொழிலாளர் மொழியில் ‘ஏ.ஆர். காப்பி’, இதில் முதலிடம். அழைத்து வந்த சூப்பர்வைசர் “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று சொல்லி அப்படியே பதிவாகிவிட்டால், பின்னால் எத்தனை சாட்சி வந்தாலும் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒற்றை வரியை வைத்தே குறுக்கு விசாரணை நடத்துவார். நோயாளி பேசும் நிலையில் இருந்தால், எந்த இடத்தில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் தானே சொல்ல வேண்டும். இல்லையென்றால் வீட்டார் சொல்ல வேண்டும். தவறாகப் பதிவாகியிருந்தால் அடுத்த சில நாட்களுக்குள் காவல் நிலையத்திலும் முதலாளிக்கு ஸ்பீட் போஸ்டிலும் உண்மையை எழுதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

தொழிற்சாலையில் காயம்பட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால், 2025 நவம்பர் 21 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆவது பிரிவுப்படி ஆய்வாளருக்கு ஆலை மேலாளர் அறிவிப்பு அனுப்பக் கடமைப்பட்டவர். அந்த அறிவிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினால், ‘என் ஆளே இல்லை’ என்ற வாதம் அத்தோடு உட்கார்ந்துவிடும். அறிவிப்பே அனுப்பப்படவில்லை என்ற பதிலும் பயன்படும். சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பதிவு, ஜிபே வரவு, மேஸ்திரியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், வருகைப் பதிவேட்டின் கைபேசிப் படம் என எது கிடைத்தாலும் சேருங்கள். இலவசத் தங்குமிடமும் சாப்பாடும் பணமாக மதிப்பிடத்தக்க சலுகை. கையில் வாங்குவது 15,000 ரூபாய்க்குக் குறைவாக இருப்பவர்கள் அதையும் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கலாம். வயதுக்கு ஆதாரும் பள்ளிச் சான்றிதழும் ஒரே தேதியைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஐந்து வயது வித்தியாசத்தில் காரணி 197.06-லிருந்து 184.17 ஆகிவிடும்.

மனுப் போடக் காலக்கெடு 2 ஆண்டுகள். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். ஆனால் “முதலாளி கொடுக்கிறேன் என்றார், காத்திருந்தேன்” என்பதை நிரூபிக்க ஒரு செய்தியாவது கையில் இருக்க வேண்டும். விபத்து நடந்த இடம், தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனுப் போடலாம். திருப்பூரில் அடிபட்டு ஒடிசாவுக்குத் திரும்பியவர் அங்கேயே போடலாம். ஆனால் சாட்சியும் மருத்துவரும் திருப்பூரில் இருக்கும்போது, ஊரில் போட்டால் வழக்கு மெலிந்துபோகும். முதலாளி எதையும் மறுக்காத வழக்குக்கு மட்டும் அது வசதி.

இனி சதவீதம். அட்டவணையில் கட்டைவிரல் இழப்புக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50, மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60, மற்றக் கண் நன்றாக இருக்கையில் ஒரு கண்ணை இழந்தால் 40 என்று நிர்ணயம் இருக்கிறது. விரல் நுனி எலும்பு சேதமில்லாமல் வெட்டுப்பட்டதா, ஒரு கணு போனதா, இரண்டு கணுவா என்பதிலேயே ஆள்காட்டி விரலுக்கு 5, 9, 11 என்று மாறுகிறது. ஆகவே எக்ஸ்ரே அறிக்கையில் எந்தக் கணு வரை என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்டவணையில் வராத காயங்களில், அதாவது நசுங்கி விறைத்துப்போன மணிக்கட்டு, முதுகுத்தண்டு, தீக்காயத் தழும்பு போன்றவற்றில், தகுதி பெற்ற மருத்துவர் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் இருக்கும் 40 சதவீதம் உடலுறுப்பின் ஊனம். சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. மணிக்கட்டு மடங்காத ஒருவர் காவலாளியாக இருந்தால் பாதிப்பு குறைவு. வெல்டராக இருந்தால் தொழிலே போய்விட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சரால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று கூறி, 100 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இழப்பை மதிப்பிட்ட மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறி, இவர் செய்த வேலை என்ன, அதில் எந்த அசைவு தேவை, எது இப்போது முடியாது என்று சொல்ல வேண்டும். வெறும் சான்றிதழைச் சான்றாவணமாகக் குறித்துவிட்டு மருத்துவரை அழைக்காமல் விட்ட வழக்குகளில், காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்சேபத்தால் சதவீதம் பாதியாகக் குறைவது வழக்கமாக நடக்கிறது.

வட்டிக்கும் அதே தீர்ப்புதான் அடிப்படை: இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிறது, உத்தரவு வந்த நாளில் அல்ல. ஒரு மாதத்துக்குள் முதலாளி கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. 2,48,295 ரூபாய்க்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 29,800 ரூபாய் வரும். நான்கு ஆண்டு இழுத்த வழக்கில் அது சின்னப் பணமில்லை. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கு முதலாளிக்குத் தனியாக விளக்கம் சொல்லும் வாய்ப்பு தர வேண்டும் என்பதால், அபராதக் கோரிக்கை மனுவிலேயே இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் வட்டி வரை ஏற்றாலும், அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்துதான் வர வேண்டும். சமரசத்துக்கு அவரை இழுத்து வரும் பிடி அதுவே.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது பரவலான பழக்கம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 17-ஆவது பிரிவு செல்லாது என்கிறது. ஒட்டுமொத்தத் தொகைக்கு உண்மையிலேயே உடன்பாடு என்றால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முதலாளியின் முழுப் பொறுப்பும் அப்படியே நிற்கும். ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வழக்கை விட்டுவிடாதீர்கள். மரண வழக்கில் பணத்தை நேராகக் குடும்பத்திடம் கொடுத்தாலே அது இழப்பீடு கொடுத்ததாகாது. ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்ததை மட்டும் கழிக்கலாம்.

மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 25ஏ பிரிவு சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் போகிறது. ஆணையராக அமரும் தொழிலாளர் துறை அதிகாரிக்கு வேறு பொறுப்புகளும் இருப்பது ஒரு காரணம், எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ் சேராமல் திரும்புவது இன்னொரு காரணம். இரண்டாவதைக் குறைக்க முடியும். கம்பெனியின் பதிவு முகவரி, காண்ட்ராக்டரின் ஆதார் முகவரி, பாலிசி கொடுத்த காப்பீட்டு நிறுவனக் கிளை ஆகியவற்றை மனு போடும் முன்பே சரிபார்க்கும் வக்கீல், ஒரு வருட வாய்தாவை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்.

உத்தரவு வந்த பிறகு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக் கோப்பைக் கட்டிவைப்பவர்கள் இலவசப் பட்டியலிலும் உண்டு, தனி வக்கீல்களிலும் உண்டு. எதிர்த்தரப்பு 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கணிசமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும், முதலாளி முதலில் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டி அதற்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். கட்டாமல் இழுத்தால் 31-ஆவது பிரிவில் நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். ஆணையரின் சான்றிதழ் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். சான்றிதழோடு முதலாளியின் சொத்து விவரம், வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாத கோப்பு வருவாய் ஆய்வாளரின் மேசையைத் தாண்டி நகராது. வக்கீலோடு கட்டணம் பேசும்போதே, இந்த வசூல் மனுவும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.